இப்போது என்ன படிக்கிறீர்கள்? கைமாறி வந்த புத்தகங்களின் வரலாறு

ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடும் படிப்பு வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறிக்கை, வழக்கு, மனு என்று எது பேசுவதாக இருந்தாலும் முதல் அரை மணி நேரம் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இந்த வாரம் என்ன படித்தாய், அதில் உனக்கு எது பிடித்தது? கூச்சப்படுகிறவர்கள் ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். சிலர் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். நூலின் பெயர் மறந்துபோய் அட்டையின் நிறத்தைச் சொல்பவர்களும் உண்டு.

போன மாதம் சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அண்ணா, ஒரு பக்கம் கேஸு நடந்துகினு இருக்குது. நாம இங்க உக்காந்து கதப் புத்தகம் பேசினு இருக்கோமே, இது சரியா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் பகுதியில் நடந்த வன்கொடுமை வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிணைக்கு மனு போட்டிருந்த நேரம் அது. அன்று நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். உண்மையான பதிலை வரலாற்றில்தான் தேட வேண்டும் என்று பிறகு தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தத் தங்கைக்கும், அவளைப் போல் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கும் தோழர்களுக்கும்.

நூல் இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டோம்

1855ஆம் ஆண்டு. பூனாவில் ஜோதிராவ், சாவித்திரிபாய் ஃபுலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்னும் மாங் சாதிச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினாள். மாங், மகர் மக்களின் துயரம் பற்றியது அது. 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அதை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. எழுதியபோது அவளுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சிறுமி வைத்த வாதம் எளிமையானது, ஆனால் பதில் சொல்ல முடியாதது. வேதம் பிராமணர்களுக்கு மட்டுமே உரியது, நாங்கள் அதைப் பார்ப்பதே பாவம் என்கிறீர்கள். அப்படியானால் எங்களுக்கென்று ஒரு நூல் இல்லை. நூல் இல்லாத எங்களுக்கு மதமும் இல்லை. பிறகு எந்த மதத்தின் பேரால் எங்களை ஒடுக்குகிறீர்கள்? இந்திய மொழிகளில் தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறியவற்றில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. அதுவே ஒரு நூல் கையில் இல்லாததைப் பற்றிய எழுத்து என்பதை யோசித்துப் பாருங்கள். பரிசாக மிட்டாய் கொடுக்க வந்தவரிடம், மிட்டாய் வேண்டாம், எங்களுக்கு ஒரு நூலகம் கொடுங்கள் என்று முக்தா கேட்டதாக ஒரு செய்தியும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

ஆனால் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறும் சேர்ந்தே இருக்கிறது. தலித் மக்கள் காலம் காலமாக எழுத்தறிவே இல்லாமல் கிடந்தார்கள், யாரோ வந்து கண் திறந்தார்கள் என்ற கதையை அப்படியே விழுங்கிவிட முடியாது. சித்த மருத்துவம், சோதிடம், இலக்கணம் கற்ற குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. ஏட்டுச்சுவடிகளைக் காத்தவர்கள் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளையரிடம் பட்லராக வேலை பார்த்தவர். தம்மிடம் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் எல்லிஸ் துரைக்குக் கிடைக்கும்படி கொடுத்ததாக அயோத்திதாசரே பதிவு செய்திருக்கிறார். குறள் அச்சுக்கு வந்த கதையில் ஒரு பட்லரின் கைக்கும் பங்கு உண்டு என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற சாட்சியம்.

ஆகவே நம் வரலாறு இரண்டு இழைகளால் ஆனது. ஒன்று, நமக்கு மறுக்கப்பட்ட நூல். மற்றது, நம் கையில் இருந்து, நம் பெயர் இல்லாமல் வெளியே போன நூல். இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

இரண்டணாவும் ஒரு பைசாவும்

தமிழில் தலித் மக்கள் நடத்திய இதழ்களின் வரலாறு 1869இல் வெளிவந்த 'சூரியோதயம்' வரை பின்னோக்கிப் போகிறது. ஜெ. பாலசுப்பிரமணியம் இந்த இதழ்களைத் தேடித் தொகுத்து எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலை இன்னும் படிக்காதவர்கள் உடனே படிக்க வேண்டும். 1869க்கும் 1943க்கும் இடையில் எத்தனை பெயர்கள், எத்தனை முயற்சிகள்! திராவிட இயக்கத்துக்கும் தேசிய இயக்கத்துக்கும் முன்பே நம்மவர்கள் அச்சகத்துக்குப் போய்விட்டார்கள் என்பது அந்த நூலைப் படித்த எங்கள் வட்டத்துத் தம்பிகளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக வைத்தார். விலை இரண்டணா. முதல் இதழின் நானூறு பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். மாத இதழாகத் தொடங்கியது வார இதழாயிற்று. அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்ட 1900 வரை அது வந்துகொண்டிருந்தது.

1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம். விலை பெயரிலேயே இருக்கிறது. விலையைத் தலைப்பில் வைத்த ஆசிரியர் தன் வாசகர் யார் என்பதைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். ஓராண்டு கழித்து வாசகர்களின் வேண்டுகோளை ஏற்று இதழின் பெயர் 'தமிழன்' ஆனது.

அந்த இதழை யார் படித்தார்கள்? சென்னையில் மட்டும் அல்ல. கோலார் தங்கவயலில், பெங்களூரில், ஹூப்ளியில், இரங்கூனில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகளும் 'தமிழன்' வாசகர்களும் இருந்தார்கள். தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் நடத்தியது. வடஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன நம் மக்கள்தான் அங்கே பூமிக்கு அடியில் உழைத்தார்கள். அவர்கள்தான் கூலியில் மிச்சம் பிடித்து இதழுக்குச் சந்தா கட்டினார்கள்.

'தமிழன்' இதழைப் புரட்டும்போது நம் கவனத்தை ஈர்ப்பது அதன் கேள்வி பதில்கள். வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். பண்டிதர் பதில் எழுதுகிறார். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது, இந்தப் புராணத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேள்விகள் விரிகின்றன. அவருடைய பெரிய எழுத்துகள் பலவும் இந்த இதழில் தொடராக வந்தவைதான். அதாவது, நாம் இன்று அறிஞர் ஒருவரின் தனிச் சிந்தனை என்று படிப்பது, கேட்டுக்கொண்டே இருந்த ஒரு வாசகர் கூட்டத்துக்கு எழுதப்பட்டது. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்துத் தமிழ் வாசிப்பின் பொது வழக்கம். ஒரு பைசா ஒரு பிரதிக்குத்தான்; கேட்ட காதுகளுக்குக் கணக்கு இல்லை.

எண்பத்தைந்து ஆண்டுகள்

அயோத்திதாசர் 1914 மே 5 அன்று மறைந்தார். அவருக்குப் பிறகு இதழ் கொஞ்ச காலம் தள்ளாடி நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். தங்கவயலில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபடி அச்சிட்டது. 1930களின் நடுவில் இதழ் நின்றது. பிறகு நெடுங்காலம் தமிழ் அறிவுலகம் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வந்தது. பண்டிதர் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து! அது எப்படிச் சாத்தியமாயிற்று? பழைய இதழ்கள் ஏதோ பெரிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்ததால் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தத் தாள்களை வீட்டில் வைத்துக் காத்ததால். பூச்சி அரிக்காமல், மழையில் நனையாமல், பழைய பேப்பர்காரனிடம் போய்விடாமல் பார்த்துக்கொண்டதால். கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததால்.

'பறையன்' இதழுக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. ஏழாண்டு வந்த இதழின் பிரதிகள் இன்று கண்ணில் படுவதே அரிது. நானூறு வீடுகளுக்குப் போன முதல் இதழில் ஒன்றாவது எங்காவது பரணில் இருக்கிறதா?

தங்கையின் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது. படித்ததைப் பற்றி நாம் பேசாமல் விட்டால் அந்த நூல் ஒரு தலைமுறையில் காணாமல் போகும். நம் எழுத்தைக் காக்க நமக்குப் பல்கலைக்கழகமோ மடமோ இருந்ததில்லை. படித்தவர் அடுத்தவரிடம் சொன்னதும், கொடுத்ததும், வாங்கியவர் பத்திரப்படுத்தியதும்தான் நம் காப்பகம்.

அண்ணலுக்கு ஒருவர் கொடுத்த புத்தகம்

அம்பேத்கர் என்றதும் நமக்குப் புத்தக மலைதான் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கிக் குவித்தது, இலண்டன் அருங்காட்சியக நூலகத்தில் பட்டினியோடு படித்தது, தாதரில் கட்டிய 'ராஜகிருகம்' இல்லத்தில் புத்தகங்களுக்காகவே இடம் ஒதுக்கியது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தச் சித்திரத்தில் அவர் தனியாகவே இருக்கிறார். அது முழு உண்மை அல்ல.

சிறுவன் பீமராவின் தேர்ச்சியைப் பாராட்ட ஒரு கூட்டம் நடந்தது. அந்தப் பிள்ளையின் படிப்பில் அக்கறை கொண்ட கிருஷ்ணாஜி கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்றை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகம் தன்னை எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதை அம்பேத்கர் வாழ்வின் இறுதிக் காலத்தில், 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்கள் பௌத்தம் தழுவிய நாளுக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றின் தொடக்கத்தில் ஒருவர் ஒரு பிள்ளையிடம் நீட்டிய ஒரு புத்தகமும் இருக்கிறது.

1917இல் அவர் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியபோது, அவருடைய புத்தகங்கள் தனியாகக் கப்பலில் வந்தன. உலகப் போர்க் காலம். டார்பிடோ தாக்கி அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது. புத்தகங்களுக்கு ஈடாகக் கிடைத்த தொகைதான் பரோடாவில் வேலைக்குச் சேரப் போன பயணச் செலவுக்குக் கைகொடுத்தது. அங்கே தங்க இடம் கிடைக்காமல், சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். ஆளில்லாத அந்த மாடியில் படிப்பில் மூழ்கித் தனிமையை மறக்க முயன்றதைத் தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சில நாள்களில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை அங்கிருந்து வெளியேற்றியது. புத்தகம் அந்தத் தடிகளை நிறுத்தவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்தால் போதும், சாதி போய்விடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்களிக்கவில்லை. கொலம்பியாவில் படித்தவருக்கே பரோடாவில் ஒரு அறை கிடைக்கவில்லை.

ஆனால் அவர் எழுதியது என்ன செய்தது என்று பாருங்கள். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காகத் தயாரித்த தலைமையுரை, அழைத்தவர்களே பின்வாங்கியதால் பேசப்படாமல் போனது. 1936இல் அதைத் தன் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. முதல் பதிப்பு 1500 பிரதிகள். விலை எட்டணா. இது அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைக்கலாம் என்று காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். எட்டணா கொடுத்து மக்கள் வாங்கினார்கள். 1500 பிரதிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் 'குடி அரசு'. மேடையில் ஏறவிடாமல் தடுக்கப்பட்ட பேச்சு, கைமாறிக் கைமாறி, எந்த மேடைக்கும் எட்டாத தூரத்துக்குப் போனது.

இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்கப் புத்தகம் சேர்த்த மனிதர் நடத்திய போராட்டத்தில் ஒரு புத்தகம் எரிந்தது. அவர் அதைப் படிக்காமல் எரிக்கவில்லை. வரி வரியாகப் படித்து, எந்த விதி எந்த மனிதரை என்ன செய்கிறது என்று தெரிந்துதான் எரித்தார். எதிரியின் நூலைப் படிக்காமல் முழக்கம் மட்டும் போடுகிற நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு நூலுக்காகத் தெருவில் இறங்கியவர்கள்

1979இல் மகாராட்டிர அரசு அம்பேத்கர் எழுத்துகளைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது. வசந்த் மூன் தொகுப்பாசிரியர். 1987இல் நான்காம் தொகுதியாக 'இந்து மதத்தின் புதிர்கள்' வந்தது. இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை நீக்க வேண்டும் என்று சிவசேனா கூச்சல் எழுப்பியது. அதற்கு எதிராக 1988 தொடக்கத்தில் தலித் மக்கள் பம்பாயில் மாபெரும் பேரணி நடத்தினார்கள். கூலிகள், துப்புரவுப் பணியாளர்கள், கிராமங்களிலிருந்து ரயிலேறி வந்த பெண்கள் எல்லோரும் நடந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்த நூலை அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் அது தங்கள் நூல் என்று அவர்களுக்குத் தெரியும். முக்தா சால்வே நூல் இல்லை என்று எழுதியதற்கும், ஒரு நூலின் பக்கங்களைக் கிழிக்க விடமாட்டோம் என்று மக்கள் நடந்ததற்கும் இடையே 133 ஆண்டுகள். கடைசியில் அந்தப் பகுதி நூலில் நின்றது. அரசுக்கு அந்தக் கருத்துகளில் உடன்பாடு இல்லை என்ற ஒரு குறிப்பு மட்டும் சேர்ந்தது.

டிசம்பர் 6 அன்று தாதர் சைத்யபூமிக்கோ, விஜயதசமி நாளில் நாக்பூர் தீட்சாபூமிக்கோ போய் வந்தவர்களைக் கேளுங்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது புத்தகக் கடைகள். தலையில் மூட்டையோடு வந்தவர்கள் பேரப்பிள்ளைக்காக ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் பிரசாதம் கொண்டுவருவது போல, நம் மக்கள் அந்த இடங்களிலிருந்து நூல் கொண்டுவருகிறார்கள்.

நமக்கே கசந்த நூல்கள்

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து புது வேகம் பிடித்தது. பி. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல். கன்னடத்திலிருந்து சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்' நூலைப் பாவண்ணன் மொழிபெயர்த்தார். 'நிறப்பிரிகை' விவாதங்களைக் கிளப்பியது. 1997இல் 'தலித் முரசு' தொடங்கியது.

இந்த நூல்கள் வந்தபோது நம் ஆட்களே எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. சிவகாமி, தலித் தலைவர் ஒருவரின் வீட்டுக்குள் நடக்கும் ஆணாதிக்கத்தைக் காட்டினார். எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதா என்று கேட்டார்கள். இமையம், நமக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தை நாமே எப்படி நடத்துகிறோம் என்று எழுதினார். அதுவும் கடும் விமர்சனத்துக்கு ஆளானது. பாமா தன் ஊரையும் மக்களையும் உள்ளது உள்ளபடி எழுதியபோது அந்த ஊரே கோபப்பட்டது. சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்னர் அந்த ஊர் அவரையும் நூலையும் ஏற்றுக்கொண்டது.

எங்கள் வட்டத்திலும் இது நடந்தது. 'கோவேறு கழுதைகள்' பற்றி ஒரு தோழர் பேசிய மாலையில் சண்டையே வந்தது. நம்மைக் கேவலப்படுத்தும் நூல் என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பி வந்து, தன் பாட்டி வீட்டு வாசலில் சோறு வாங்க வந்து நிற்கும் வண்ணார் வீட்டு அம்மாவைத் தானும் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்ததைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அவருடைய பாட்டி வயது. அவர் அதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. அறிக்கையும் முழக்கமும் அந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காது. மற்றவர்கள் நமக்குச் செய்ததைப் படிப்பது எளிது. நாம் செய்வதைப் படிக்கத்தான் கூட்டமும் தோழமையும் வேண்டியிருக்கிறது.

எங்கள் தகரப் பெட்டி

எங்கள் வட்டம் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த நூலகம் ஊர்த் தெருவில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் போனால் "நீ யார் வூட்டுப் புள்ள?" என்ற கேள்வி முதலில் வரும். பதிலைப் பொறுத்து நாற்காலி கிடைக்கும் அல்லது கிடைக்காது. மனு கொடுத்தோம், பேசினோம், காலப்போக்கில் மாறியது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று ஒரு பழைய தகரப் பெட்டியில் முப்பது நாற்பது புத்தகங்களைப் போட்டு வைத்தோம். எடுத்துப் போகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் விதி. இன்று சில புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயரும் மகள் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

இனி அந்த வழக்குக்கு வருவோம். கேள்வி கேட்ட தங்கை அடுத்த வாரம் கொண்டுவந்தது கதைப் புத்தகம் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி. இந்த வாரம் நான் படித்தது இதுதான், எனக்குப் பிடித்த பகுதி இதுதான் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவை உரக்கப் படித்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கு நடவடிக்கைகள் பற்றி முன்கூட்டியே அறிவிப்புத் தரப்பட வேண்டும். பிணை மனு விசாரணையில் தங்கள் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தாயும் அன்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நானும் அங்க நின்னு பேசலாமா கண்ணு?" என்று கேட்டார். பேசலாம் என்றாள் தங்கை. விசாரணை நாளன்று அவர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கறிஞர் துணையோடு தன் எதிர்ப்பைச் சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தத் தாய் இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேதியைத் தானே கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்.

கதைப் புத்தகம் பேசிய அதே அரை மணி நேரத்தில்தான் சட்டப் புத்தகமும் பேசப்பட்டது. மற்றவர் படிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அந்தத் தாய்க்கு முன்பே இருந்ததால்தான் அன்று அவர் கேள்வி கேட்டார். இதுதான் எங்கள் இரண்டாவது பதில்.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு, அது மிகச் சிறியது. நமக்குப் பிடித்ததைப் படிக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஒரு தம்பி தலையைக் குனிந்துகொண்டு, தான் படிப்பது ராஜேஷ்குமார் துப்பறியும் நாவல்தான் என்றான். ஏன் கூச்சம்? காயத்தைப் பற்றி மட்டுமே படிக்க வேண்டும், காயத்தைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்று நமக்கு யாரும் விதி போட வேண்டாம். அவன் கொலையாளி யார் என்று சொல்லாமல் நிறுத்தியதால், அந்தப் புத்தகத்தை வாங்க மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

தோழர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். புத்தகத்தின் அட்டையைப் படம் எடுத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். யார் கொடுத்தார்கள், எந்த இடத்தில் நின்று யோசித்தீர்கள், எதில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்று இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒரு பக்கம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வீட்டுப் பரணில், தாத்தாவின் பெட்டியில் பழைய இதழோ துண்டறிக்கையோ சங்க நோட்டீஸோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டிப் பாருங்கள். யாருக்குத் தெரியும், அதில் ஒன்று 1893ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

எங்கள் வட்டத்தில் இந்த வாரம் கைமாறிக்கொண்டிருப்பவை: கே.ஏ. குணசேகரனின் 'வடு', இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்', அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்', அந்தத் துப்பறியும் நாவல். சட்டப் பிரதி மட்டும் பெட்டிக்குத் திரும்பவில்லை. அது அந்தத் தாயின் வீட்டில் இருக்கிறது. மகனைப் படிக்கச் சொல்லித் தினமும் கொஞ்சம் கேட்கிறாராம்.

நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?

ஜெய் பீம்.